வீடியோவில் நடுவில் கேட்கிற குரல்

அடி அண்ணாமலை,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் எழிலுக்கு உன் அம்மா சரசு எழுதுவது. மலையாக நிற்கிறவன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் முட்டி மட்டும் மழை வருவதற்கு முன்னால் எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. நீயும் மாப்பிள்ளை இளஞ்செழியனும் பிள்ளைகள் இருவரும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். நைட் டியூட்டி முடித்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே, ஒரு தம்ளர் மிளகுப் பாலாவது குடி. அங்கே வார்டில் நூறு பேரைச் சாப்பிடச் சொல்கிறாய், உன்னைச் சொல்ல யார் இருக்கிறார்கள். போனில்தான் தினமும் பேசுகிறோமே, இது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். நம் வீட்டில் போனை எடுத்தாலே உன் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், பேசுவது தெருமுனை வரைக்கும் போகிறது. சில விஷயத்தைக் காகிதத்தில் எழுதி, கோந்து தடவி, ஒட்டித்தான் அனுப்ப வேண்டும்.

உன் அண்ணன் புகழேந்தி கிட்டார் வாசித்த வீடியோவைப் பார்த்துவிட்டு நீ அழுதாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அழுததெல்லாம் சரி, மறுநாள் போன் பண்ணி, "நடுவுல ஒரு பொம்பளக் குரல் கேக்குதே, யாரும்மா அது?" என்று கேட்டாய். யாரோ வந்திருந்த ஆள் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன் அல்லவா. அப்போது அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி மதில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆமாம், உன் சித்திதான். அருணாதேவிதான். என் ஓர்ப்படி, பாயசம் இருக்கும்போதே அண்டாவைக் கேட்டவள். நம்ப மாட்டாய் என்று தெரியும், அதனால்தான் முதலிலிருந்து எழுதுகிறேன்.

அந்தக் கிட்டார் உன் அண்ணன் பெண், நம்ம கவிநிலா, காலேஜ் சேர்ந்த வருஷம் அடம் பிடித்து வாங்கியது. இரண்டு மாசம் டொய்ங் டொய்ங் என்று இழுத்துவிட்டு, விரல் எரியுது என்று ஆணியில் மாட்டிவிட்டு வேலூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. உன் அண்ணன் மின்வாரியத்தில் கணக்கெடுக்கிற வேலைக்குத்தான் போகிறான், அது உனக்குத் தெரிந்ததே. ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடையில் மீட்டர் பார்க்கப் போனவன், உள்ளே ஏழெட்டுப் பேர் கிட்டாரோடு உட்கார்ந்து ஒரே பாட்டைத் தப்புத் தப்பாக வாசித்துச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறான். வெள்ளைக்காரர் பாதி, நம் ஜனம் பாதி. அதில் ஒருத்தர் ஆட்டோ ஓட்டுகிற ராஜேந்திரன். வாத்தியார் என்று யாரும் இல்லையாம். சனிக்கிழமை சாயந்திரம் கூடுவார்கள், அவரவருக்குப் பிடித்த பாட்டை எடுத்துக்கொள்வார்கள், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வார், தெரியாவிட்டால் செல்போனில் பார்த்துக்கொள்வார்கள். இவன் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு போக வேண்டியதுதானே, நின்றிருக்கிறான். ராஜேந்திரன், "இன்னா சார், கரண்ட் ஜாஸ்தியா ஓடுதா?" என்று கேட்டிருக்கிறார். இவன் ஆமாம் என்று சொல்லாமல், இதைக் கத்துக்கக் கஷ்டமா என்று கேட்டிருக்கிறான். அடுத்த சனிக்கிழமை ஆணியிலிருந்து கிட்டாரைக் கழற்றித் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போனான். நாற்பத்தாறு வயசில், எழிலு. உன் அண்ணி என்னிடம் வந்து, "அத்தை, இவருக்கு ஏதாவது காத்துக் கருப்பு பட்டுடுச்சா?" என்று கேட்டாள்.

நீ ஸ்கூலுக்குப் போகும்போது கண்ணாடி முன்னால் நின்று பின்னல் போட்டுக்கொண்டே ஒரு ரேடியோப் பாட்டுப் பாடுவாயே, நேரமாச்சு நேரமாச்சு என்று நான் கத்தினாலும் சரணம் முடிக்காமல் ரிப்பனைக் கட்ட மாட்டாயே, அந்தப் பாட்டைத்தான் அவன் எடுத்துக்கொண்டான். வேறு சுலபமான பாட்டு எடுங்கள் என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். இவன் மாட்டேன் என்றிருக்கிறான். உன் அண்ணன் போனில் உன்னிடம் "சாப்டியா, பசங்க நல்லாருக்காங்களா" என்று கேட்பான், அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியாமல் போனை என் கையில் கொடுத்துவிடுவான். அவன் கல் நெஞ்சுக்காரன் என்று நீகூட ஒரு தடவை சொன்னாய், உன் சின்னவன் பிறந்தபோது, எனக்கு ஞாபகம் இருக்கிறது. பேசத் தெரியாதவன் வாசித்து அனுப்பலாம் என்று பார்த்திருக்கிறான். அதை என்னிடமும் சொல்லவில்லை, நானாகத்தான் புரிந்துகொண்டேன்.

தினமும் சாப்பிட்டு முடித்ததும் பின்கட்டில் உட்காருவான். முதலில் பூனை போய்விட்டது, அப்புறம் உன் அண்ணி சீரியல் சத்தத்தைக் கூட்டினாள். விரல் நுனியெல்லாம் வெடித்து, அப்புறம் காய்த்துப்போய், சாதம் பிசையும்போது சூடே தெரியவில்லை என்று பெருமை வேறு. பல்லவி ஒழுங்காக வரும். சரணத்தில் மூன்றாவது அடி வந்ததும் நின்றுவிடும். எஃப் என்று ஒரு பிடி இருக்கிறதாம், ஆள்காட்டி விரலை ஆறு கம்பி மேலும் குறுக்கே படுக்க வைத்து அழுத்த வேண்டுமாம். இவன் அழுத்தினால் தகர டப்பாவைத் தட்டினதுபோல் டக் என்று ஒரு சத்தம். திரும்பவும் முதலிலிருந்து. திரும்பவும் அங்கேயே டக். ஆடி போய் ஆவணி வந்தது, அந்த இடத்தை அவன் தாண்டவில்லை. இவன் நிறுத்தினதும் மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கிட்டார் அந்த இடத்தை மட்டும் மெதுவாக வாசித்துக் காட்டும். அருணாதேவி மருமகள் மணிமொழி, பிரைவேட் ஸ்கூல் டீச்சர், காலேஜ் நாளிலேயே கற்றுக்கொண்டவளாம். அவள் வாசித்தால் இவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான், அப்புறம் இவன் வாசிப்பான். சின்னதுகள் தமக்குள் பேசிக்கொள்ளாவிட்டாலும் கிட்டார்கள் பேசிக்கொண்டன. நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். மருமகள் நல்ல பெண், மாமியார் செய்ததற்கு அவள் என்ன பண்ணுவாள்.

புரட்டாசி பிறந்ததும் ஒருநாள் வந்து, விஜயதசமி அன்றைக்கு சாயந்திரம் அந்தக் காபிக் கடையில் எல்லாரும் ஆளுக்கு ஒரு பாட்டு வாசிக்கிறார்கள், குடும்பத்தோடு வரச் சொல்கிறார்கள், நானும் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றான். எனக்குப் பயம் வந்துவிட்டது. எதற்கென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் எட்டாவது படிக்கும்போது ஸ்கூல் ஆண்டு விழாவில் வெள்ளைச் சட்டை போட்டு மேடையில் நின்று பாடினான், இரண்டாவது அடி மறந்துபோய் வாயைத் திறந்தபடி நின்றான். அப்போது முதல் ஆளாகச் சிரித்தது யார்? முன் வரிசையில், மாம்பழ மஞ்சள் புடவையில், கையில் முறுக்கோடு உட்கார்ந்திருந்த உன் சித்திதான். அவள் சிரித்ததும் அந்தக் கொட்டகையே சிரித்தது. பிள்ளை இறங்கி வந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அவன் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து நீ பார்த்திருக்கிறாயா? உன் கல்யாணத்தில் மைக்கைக் கொடுத்தபோது ஓடி ஒளிந்தான். அதே கல்யாணத்தில்தான் அந்த அண்டா விஷயமும். பந்தி பாதியில் நிற்கிறது, பித்தளை அண்டாவில் முழங்கால் ஆழத்துக்குப் பாயசம் இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் இலையில் உட்கார்ந்திருக்கிறார்கள், இலைப்பச்சைப் பட்டில் வந்து நின்று, "அக்கா, எங்க அண்டாவ குடுத்துடுங்க, எனக்கு வேணும்" என்றாள். பாயசத்தை வாளியிலும் குடத்திலும் மாற்றி ஊற்றினோம், எழிலு. உன் மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மூடின வாயை நான் அவளிடம் திறக்கவில்லை.

இப்போது என் பங்குக்கு நான் செய்த வேலையைக் கேள். சரஸ்வதி பூஜைக்கு வழக்கம்போல புத்தகம், அரிவாள்மனை, உன் அண்ணனுடைய டெஸ்டர், ஸ்குரூ டிரைவர் எல்லாம் கழுவித் துடைத்துப் பலகையில் வைத்தேன். கிட்டாரும் சரஸ்வதி கையில் இருக்கிற சாமானுக்குச் சொந்தந்தானே, அதையும் கழற்றினேன். பார்த்தால் மரமெல்லாம் வறண்டு கிடக்கிறது, கம்பி கறுத்துக் கிடக்கிறது. தேங்காய் எண்ணெயை எடுத்து நன்றாக ஊற்றி, மரம், கம்பி, திருகாணி எல்லாம் பளபளவென்று தேய்த்தேன். சந்தனப் பொட்டு, குங்குமம், கழுத்தில் ஒரு முழம் சாமந்தி. மணப்பெண் மாதிரி இருந்தது. சாயந்திரம் வெளியே போய்விட்டு வந்தவன், மறுநாள் வாசிக்க வேண்டும், ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினான். பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது, காலையில் பாலும் பழமும் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றேன். "அம்மா, ஒரே ஒரு தடவை" என்றான். சாமி குத்தம் ஆகிவிடும் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பெட்டிக்கடை வரைக்கும் போயிருப்பான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பாட்டுக் கேட்கிறது, நம் வீட்டுப் பாட்டு, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. மணிமொழி தன் கிட்டாரைப் பூஜையில் வைக்கவில்லையாம். இவன் உன் சித்தி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். மணிமொழி அவனுக்கு, ஆறு கம்பியையும் அழுத்த வேண்டாம், சின்னதாக நாலு கம்பியை மட்டும் பிடித்தால் போதும் என்று வேறு ஒரு வழி காட்டிக்கொண்டிருக்கிறாள். நான் இந்தப் பக்கம் சுண்டல் தாளித்துக்கொண்டே கேட்டேன். அன்றைக்கு முதல் தடவையாகச் சரணத்தின் மூன்றாவது அடி நிற்காமல் போனது. கடுகைக் கருக விட்டேன்.

விஜயதசமி காலையில் பால் வைத்துக் கற்பூரம் காட்டிக் கிட்டாரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். மீட்டினான். சத்தமே வரவில்லை. ஈரத் துணியை அடித்ததுபோல் தொப் தொப் என்கிறது, விரல் வழுக்கிக்கொண்டு போகிறது. முகர்ந்து பார்த்தான். "எண்ணெ பூசினியாம்மா?" என்றான். கோபமே இல்லை குரலில், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எண்ணெயை விபூதி இழுத்துக்கொள்ளும் என்று சொல்லி ஒரு பிடி விபூதியை எடுத்துக் கம்பி மேல் தடவினேன். அது எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிட்டது. உன் அண்ணி தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், நிறுத்தவே இல்லை. புதுக் கம்பி வாங்கலாம் என்றால் டவுனில் அது விற்கிற ஒரு கடையும் அன்றைக்குத் திறக்கவில்லை. நான் போகவில்லை, என் பெயரை எடுத்துவிடச் சொல்கிறேன் என்று போனை எடுத்தான். அந்த முகம் எனக்குத் தெரியும், எட்டாவதில் மேடையிலிருந்து இறங்கி வந்த அதே முகம். நான் மதில் ஓரம் போய் நின்று, மணிமொழி, உன் கிட்டாரை இன்றைக்கு ஒரு வேளை என் பிள்ளைக்குத் தர முடியுமா என்று கேட்டேன். மருமகளைத்தான் கேட்டேன், பதில் மாமியாரிடமிருந்து வந்தது. "தரலாம். ஆனா கிட்டாரு எங்க வூட்டுது, அது எங்க போவுதோ நாங்களும் கூடவே வருவோம்" என்றாள். அண்டாவுக்குப் பின்னால் வந்தவள் கிட்டாருக்குப் பின்னாலும் வருகிறாள் என்று வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். பிள்ளைக்குக் காரியம் ஆக வேண்டுமே.

ராஜேந்திரன் ஆட்டோ கொண்டுவந்தார். புகழேந்தி முன்னால் அவரோடு ஒண்டிக்கொண்டான், உன் அண்ணியும் மணிமொழியும் ஸ்கூட்டியில் வந்தார்கள். பின் சீட்டில் நானும் அருணாதேவியும், நடுவில் கிட்டார். கிரிவலப் பாதை முழுக்க அவள் அந்தப் பக்கம் மலையைப் பார்த்தாள், நான் இந்தப் பக்கம் கடைகளைப் பார்த்தேன். வேகத்தடையில் ஆட்டோ தூக்கிப் போட்டபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிட்டாரைப் பிடித்தோம். கை பட்டது. எடுத்துக்கொண்டோம். காபிக் கடையில் பால் இல்லாத டீயை ஒரு கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்து கொடுத்தார்கள், உன் சித்தி அதை முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே, "வயித்து வலிக் கஷாயம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, இருமிச் சமாளித்தேன். முதலில் நரைத்த தலை வெள்ளைக்காரம்மா ஒருத்தி வாசித்தாள், இரண்டு தடவை தப்பு விட்டாள், கையை ஆட்டிச் சிரித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தாள், எல்லாரும் கை தட்டினார்கள். தப்பு விட்டாலும் தட்டுகிற ஜனம் என்று கொஞ்சம் தைரியம் வந்தது. அப்புறம் ராஜேந்திரன் அம்மன் பாட்டு ஒன்றைக் கிட்டாரில் வாசித்தார், தலையை ஆட்டி ஆட்டி, அதற்கு இரண்டு பேர் எழுந்து ஆடவே செய்தார்கள். மூன்றாவது நம் பிள்ளை.

நீ வீடியோவில் பார்த்ததுதான். வாசித்துக்கொண்டே பல்லவியை நன்றாகப் பாடினான், நடுக்கம் இருந்தாலும் உங்கப்பா குரல் அப்படியே. சரணம் ஆரம்பித்தான், மூன்றாவது அடி வந்தது, மணிமொழி சொல்லிக் கொடுத்த சின்னப் பிடி மறந்துபோய்ப் பழையபடி ஆறு கம்பியையும் அழுத்தினான். டக். நின்றுவிட்டான். தரையைப் பார்த்தான். எழிலு, எனக்கு அந்த அடி தெரியும், உன் வாயால் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், நாக்கு நுனியில் இருக்கிறது, வாய் திறக்கவில்லை. அப்போது என் பக்கத்தில் இருந்தவள் திறந்தாள். சுதியும் இல்லை தாளமும் இல்லை, வயலில் ஆள் கூப்பிடுகிற குரலில் அந்த அடியை எடுத்து விட்டாள். யார் பாடுகிறது என்று பார்க்க, படம் பிடித்துக்கொண்டிருந்த உன் அண்ணி எழுந்தாள், அதனால்தான் அந்த இடத்தில் வீடியோ ஆடுகிறது. புகழேந்தி தலையைத் தூக்கினான். அவள் நிறுத்தவில்லை, கையை ஆட்டி வா வா என்று கூப்பிட்டபடி நாலாவது அடிக்குப் போய்விட்டாள். அவன் சின்னப் பிடியைப் பிடித்து அவளோடு வந்து சேர்ந்துகொண்டான். அப்புறம் அவள் நிறுத்திக்கொண்டாள், அவன் தனியாக முடித்தான், கடைசியில் சிரித்தான் பார்த்தாயா, அந்தச் சிரிப்பை எட்டாம் வகுப்புக்கு முன்னால் பார்த்தது.

வரும்போது ஆட்டோவில் அவளாகத்தான் மலையைப் பார்த்துச் சொன்னாள். "நாலு மாசமா செவுத்துக்கு அந்தாண்ட அதே எடத்துல வந்து வந்து நிக்கிறான். மிச்ச அடி என் வாயிலயே வந்து நிக்கும், எனக்குத் தூக்கமே போச்சு. நேத்துத் தாண்டினவன் இன்னிக்கும் நின்னா நான் இன்னா பண்றது?" என்றாள். பழைய கதை எதுவும் அவள் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. வேகத்தடை வந்தபோது இரண்டு பேரும் கிட்டாரைப் பிடித்தோம், வீடு வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தோம்.

இன்னும் கேள். நேற்றுச் சனிக்கிழமை அந்தக் காபிக் கடைக்குள் மழைத் தண்ணீர் புகுந்துவிட்டது என்று புகழேந்தி மொத்தக் கூட்டத்தையும் நம் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். கூடத்தில் கால் வைக்க இடமில்லை, வெள்ளைக்காரம்மா என் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து வாசிக்கிறாள். வந்தவர்களுக்கு வாயில் போட ஏதாவது வேண்டாமா, பாயசம் வைக்கலாம் என்றேன், இத்தனை பேருக்கு நம் பாத்திரம் காணாது. உன் அண்ணி யாரையும் கேட்காமல் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தாள். விளிம்பில் "அ.தே." என்று வெட்டியிருக்கிறது. அதேதான். நான் சேமியாவை வறுத்தேன். பாயசம் கொதித்து ஏலக்காய் போடும்போது மதிலுக்கு மேல் அவள் தலை தெரிந்தது. நான் உன் அண்ணியைப் பார்த்து, பாயசம் தீர்ந்த பிறகுதான் அண்டா அந்தப் பக்கம் போகும், யாரும் எதிர்பார்க்க வேண்டாம் என்று உரக்கச் சொன்னேன். "நான் கேக்கவேயில்லையே" என்று அங்கிருந்து பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவளும் உன் சித்தப்பா ஆதிமூலமும் வாசல் வழியாகவே வந்து உட்கார்ந்து இரண்டு தம்ளர் குடித்தார்கள். சர்க்கரை கம்மி என்றாள். இருக்கட்டும், அதையும் ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

பேப்பர் முடியப்போகிறது. பிள்ளைகளிடம் தமிழில் பேசு, பெரியவள் என்னை "கிராண்ட்மா" என்றால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். மாப்பிள்ளை முதுகு வலிக்கு நல்லெண்ணெயை லேசாகச் சுட வைத்துத் தேய்க்கட்டும், கிட்டாருக்கு மட்டும் வேண்டாம். தீபத்துக்கு யாராவது அங்கிருந்து ஊருக்கு வந்தால் நல்ல கிட்டார் கம்பியாக இரண்டு கட்டு கொடுத்தனுப்பு, ஒன்று உன் அண்ணனுக்கு, ஒன்று மணிமொழிக்கு. இந்தத் தடவை உன் அண்ணன் போனில் வந்து சாப்டியா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லி விடாதே, அடுத்து என்ன பாட்டு என்று கேள், அப்புறம் போன் என் கைக்கு வராது. உன் சித்திக்கும் ஒரு போன் பண்ணி, குரல் கேட்டது என்று சொல், நான் சொன்னேன் என்று சொல்லாதே. அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும் உங்கள் நாலு பேரையும் நோய் நொடி இல்லாமல், பசி தாகம் தெரியாமல் வைத்திருக்கட்டும். நீ வேலைக்குப் போகிற பாதையில் கல் முள் குத்தாமல் இருக்கட்டும்.

நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இன்று காலையில் அண்டாவைத் திருப்பிக் கொடுத்தேன். தேய்த்துக் கழுவிக் கொடுக்கவில்லை, மிஞ்சின அரை அண்டாப் பாயசத்தோடு, உன் அண்ணியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி அப்படியே தூக்கிப் போய் அவள் அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன். இனி அதை எதில் மாற்றுவது என்று அவள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அம்மா,
சரசு.